நாற்பத்தொரு பெயர்களும் றெஜியின் லப்டொப்பும்

ஒவ்வொரு மாதமும் இரண்டாவது புதன்கிழமை காலையில் பங்குக் காரியாலயத்தின் கதவைப் பூட்டிவிட்டு உள்ளே தனியாக இருப்பேன். யார் தட்டினாலும் திறக்கமாட்டேன். ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டு வருகிறவர்கள் யன்னலால் எட்டிப் பார்த்து, "ஜெனிற்றா அக்கா செபம் சொல்லுறா போலை" என்று சொல்லிக்கொண்டு திரும்பிப் போவார்கள். செபமும்தான் சொல்வேன். ஆனால் உண்மையில் நடப்பது கணினிக்கு அப்டேற். திரையில் நீல வட்டம் சுற்றும். முப்பது வீதம், முப்பத்தொரு வீதம் என்று எண் ஏறும். நான் பிளக்குக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக் காவல் இருப்பேன். எங்கள் ஊரில் இடி முழங்கினால் முதலில் பிளக்கைப் பிடுங்குவார்கள், கொடியில் காயும் உடுப்பை அதற்குப் பிறகுதான் எடுப்பார்கள். பாதி அப்டேற்றில் யாராவது ஓடிவந்து பிடுங்கிவிட்டால் என் கதி என்ன?

இந்தப் பயம் எனக்குச் சும்மா வரவில்லை. மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு அப்டேற் தன்பாட்டில் ஓடியது. மறுநாள் பதிவேட்டைத் திறந்தால் ஒரு தமிழ் எழுத்தும் இல்லை. ஆங்கில எழுத்தும் காற்புள்ளியும் அரைப்புள்ளியுமாக ஒரே குப்பை. இரண்டாயிரத்து எண்ணூறு பேரின் ஞானஸ்நானமும் கலியாணமும் அந்தக் குப்பைக்குள் போய்விட்டன என்று மூன்று நாள் அழுதேன். நகரத்தில் கணினிக் கடை வைத்திருக்கும் அருட்செல்வன் வந்து பார்த்துச் சிரித்தான்.

"அக்கா, ஒண்டும் அழியேல்லை. உங்கடை பாமினி எழுத்துக் கழண்டு போச்சு, அவ்வளவுதான்."

நாங்கள் பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சுப் பழகியவர்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் எங்கள் தமிழ் இப்படித்தான் குப்பையாகத் தெரியும். அவன் எழுத்துருவைத் திரும்பப் போட்டான், இரண்டு நிமிடத்தில் எல்லாப் பெயர்களும் எழும்பி வந்தன. குப்பை தெரிந்தால் பயப்படத் தேவையில்லை, எழுத்துருவைப் போட்டால் சரி என்று அன்றைக்கு மனதில் பதித்துக்கொண்டேன். அந்தப் பாடம் என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

கடதாசியில் எழுதி வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் பங்கின் பழைய பதிவேடுகள் எல்லாம் கடதாசியில்தான் இருந்தன. தொண்ணூற்றைந்தில் சண்டையால் ஊரோடு இடம்பெயர்ந்தபோது ஒரு பெட்டியில் போட்டு விட்டுவிட்டுப் போனோம். திரும்பி வந்தபோது பெட்டியும் இல்லை, அது இருந்த அறையும் இல்லை. அன்றிலிருந்து எங்கள் சனத்துக்குக் கடதாசியில் நம்பிக்கை கிடையாது. அது எரியும், நனையும், கறையான் தின்னும். ஆறு வருடம் வீடுவீடாகப் போய், ஞானத்தகப்பன் ஞானத்தாய்மாரைக் கேட்டு, பழைய படங்களின் பின்பக்கத்தைப் பார்த்து நான் திரும்பச் சேர்த்த பெயர்களை நேரே கணினியில்தான் ஏற்றினேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

பக்கத்து ஊரில் ஒரு சங்கத்தின் கணினியை எவனோ எங்கிருந்தோ பூட்டிவிட்டுக் காசு கேட்ட கதை வந்த பிறகு, அருட்செல்வன் என்னை இருத்திப் பாடம் எடுத்தான்.

"ஒவ்வொரு மாசமும் புதுசு புதுசா ஓட்டை கண்டுபிடிக்கிறாங்கள் அக்கா. அப்டேற் எண்டிறது அந்த ஓட்டையை அடைக்கிறதுதான். அடைக்காத வீட்டுக்குள்ளைதான் பூருவாங்கள். இன்னொண்டு, வீட்டுப் பென்ட்ரைவ், வீட்டு டிஸ்க் எதையும் கொண்டுவந்து இதிலை குத்தக்கூடாது. விளங்குதோ?"

விளங்கியது. அளவுக்கு மிஞ்சியே விளங்கியது. அதன்பிறகு எங்கள் பங்குச்சாமி அடைக்கலநாதன் அடிகள் ஒரு படம் காட்டுவதற்காகப் பென்ட்ரைவோடு வந்தபோதுகூட, "ஃபாதர், மன்னிக்கவேணும், உதுக்கு இடமில்லை" என்று மறித்துவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டு போய்விட்டார். காரியாலயத்தில் நான் அவ்வளவு கண்டிப்பு.

வீட்டில் நிலைமை வேறு. வீட்டில் இருந்தது என் தம்பி றெஜியின் லப்டொப். றெஜி மீன்துறையில் ஐஸ்கட்டி வியாபாரம் செய்கிறான், மற்ற நேரமெல்லாம் களவாக இறக்கிய படமும் உதைபந்தாட்டமும் பார்ப்பான். அந்த லப்டொப்பில் ஓடும் மென்பொருளே கள்ளக் கொப்பி. அப்டேற் போட்டால் களவு பிடிபட்டுவிடும் என்று வாங்கிய நாளிலேயே அதை நிற்பாட்டிவிட்டான். எனக்கு அது தெரியும். பார்த்தும் இருக்கிறேன். வீட்டு லப்டொப்தானே, படம் பார்க்கிறதுதானே என்று விட்டுவிட்டேன்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிச் சந்தியோகு அம்மான் இருக்கிறார். எனக்குச் சொந்தத் தாய்மாமன் அல்ல, ஊருக்கே அம்மான். முப்பத்தைந்து வருடம் கோவிலில் சங்கிலித்தாமாக இருந்து மணி அடித்தவர், மெழுகுதிரி கொளுத்தியவர், சேமக்காலையில் சவக்குழி வெட்டியவரும் அவர்தான். எண்பத்தேழிலிருந்து இடம்பெயரும்வரை எங்கள் ஊரில் செத்தவர்களுக்கு எழுத்தில் ஒன்றும் இல்லை. சில நாட்களில் குருவானவர் வரமுடியவில்லை, சில நாட்களில் சவத்தோடு நாலு பேர்கூடப் போகவில்லை. குழி வெட்டி, மூடி, இரண்டு தடியைக் கட்டிச் சிலுவை நட்டவர் அம்மான். தடியெல்லாம் உக்கிப் போய்விட்டது. கடல்பக்க மூலையில் ஆறு வரிசை, நாற்பத்தொரு குழி. எதில் யார் கிடக்கிறார்கள் என்று தெரிந்த ஒரே மனிதர் அவர்.

இந்த வருடம் ஆத்துமாக்களின் திருநாளுக்கு, அதாவது நவம்பர் இரண்டாம் திகதிக்கு, அந்த நாற்பத்தொன்றுக்கும் பெயரோடு சீமெந்துச் சிலுவை வைப்பது என்று பங்கில் முடிவானது. வெளிநாட்டிலிருந்தெல்லாம் பிள்ளைகள் கேட்டு எழுதினார்கள். புரட்டாதி கடைசியில் அம்மானுக்குத் தொண்டையில் புற்று என்று தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். குரல்வளையை எடுக்கவேண்டும், திங்கட்கிழமை ஒப்பரேசன். அதற்குப் பிறகு குரல் வராது. அம்மானுக்கு எழுதவும் வாசிக்கவும் தெரியாது, பெருவிரல்தான் அவருக்குக் கையெழுத்து. ஆகவே திங்கட்கிழமைக்குள் நாற்பத்தொரு பெயரும் அவர் வாயால் வந்தாகவேண்டும்.

காரியாலயம்வரை நடக்க அவருக்கு மூச்சு இல்லை. புதன், வியாழன் இரண்டு நாளும் றெஜியின் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு நான் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு வரிசை வரிசையாகச் சொன்னார், நான் தட்டினேன். கைபேசியில் குரலைப் பதியவா என்று கேட்டதற்குக் கையை ஆட்டி மறுத்துவிட்டார்.

"வேண்டாம் பிள்ளை. குரல் கெட்டுக் கிடக்கு. சாகிறவன்ரை இழுவை மாதிரிக் கிடக்கு. உதைப் பிடிச்சு வையாதை."

வியாழன் மாலை நாற்பத்தோராவது பெயரைத் தட்டி முடித்துவிட்டு, வீட்டில் இருந்த சிறிய ஹாட் டிஸ்க்கிலும் ஒரு கொப்பி போட்டேன். காரியாலயக் கணினியிலும் ஏற்றியிருக்கலாம். வீட்டு டிஸ்க்கை அங்கே குத்தக்கூடாதே! அருட்செல்வன் வந்து துப்புரவாக்கித் தந்தபிறகு ஏற்றலாம் என்று வைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை அம்மானை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அன்றிரவு றெஜி அந்த லப்டொப்பில் ஏதோ ஆட்டம் பார்த்தான்.

சனிக்கிழமை காலை பெயர்களை ஒருமுறை வாசித்துப் பார்க்கலாம் என்று திறந்தேன். எழுத்தெல்லாம் குப்பை.

நான் பயப்படவில்லை. எனக்குத்தான் இந்த வியாதி தெரியுமே! பாமினி கழன்றுவிட்டது, அவ்வளவுதான். திரையின் மூலையில் ஆங்கிலத்தில் ஒரு பெட்டி சிவப்பாக ஏதோ மிரட்டிக்கொண்டிருந்தது. அந்த லப்டொப்பில் அப்படிப்பட்ட பெட்டிகள் நாளுக்கு நாலு வரும், ஒன்றையும் நான் வாசிப்பதில்லை. மூடிவிட்டேன். எழுத்துருவைத் தேடி இறக்கிப் போட்டேன். மாறவில்லை. அழித்துவிட்டுத் திரும்பப் போட்டேன். லப்டொப்பை நிற்பாட்டி எழுப்பினேன். அப்போதும் குப்பைதான். சரி, டிஸ்க்கில் இருக்கும் கொப்பியைத் திறந்து பார்த்தால் கோளாறு லப்டொப்பிலா கோப்பிலா என்று தெரிந்துவிடும் என்று நினைத்து, எவ்வளவு கெட்டித்தனம் பாருங்கள், டிஸ்க்கைக் கொண்டுவந்து குத்தினேன். அதன் நீல விளக்கு மினுங்கிக்கொண்டே இருந்தது. வாசிக்கிறது என்று நினைத்தேன். தேத்தண்ணி வைத்துக் குடித்துவிட்டு வந்தேன், அப்போதும் மினுங்கிக்கொண்டிருந்தது.

ஞாயிறு பூசை முடிந்து, மதியம் தாண்டித்தான் அருட்செல்வன் வந்தான். திரையில் திரும்பவும் வந்திருந்த சிவப்புப் பெட்டியை வாசித்தான். இந்த முறை அவன் சிரிக்கவில்லை.

"அக்கா, உது எழுத்துப் பிரச்சினை இல்லை."

"பாமினி கழண்டு..."

"இல்லையக்கா. பூட்டிப்போட்டாங்கள். இந்தப் பெட்டியிலை எழுதிக் கிடக்கிறது அதுதான். இது பழைய ஓட்டையாலை வந்திருக்கு. ரெண்டு வருசத்துக்கு முந்தியே இதுக்கு அப்டேற் விட்டிட்டாங்கள். போட்டிருந்தா வந்திராது." டிஸ்க்கைக் கையில் எடுத்தான். "இதையும் குத்தினனீங்களோ?"

தலையாட்டினேன். அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. நேற்று முழுக்க அந்த நீல விளக்கு என் கண்முன்னால் ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தது. நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன்.

"திறக்கேலாதோ?"

"என்னாலை ஏலாது. காசு குடுத்தாலும் நிச்சயமில்லை."

றெஜி வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனைத் திட்ட வாய் வரவில்லை. பங்குச்சாமியின் பென்ட்ரைவை மறித்தவள் நான். என் வீட்டுக்குள் இரண்டு வருடமாகத் திறந்து கிடந்த ஓட்டையை நான்தான் தாண்டித் தாண்டி நடந்தேன். சுவரில் மணிக்கூடு மூன்றரை காட்டியது. ஆஸ்பத்திரியில் நோயாளர் பார்க்கும் நேரம் ஐந்திலிருந்து ஆறு. மேசையில் கிடந்த ஒரு எழுதுகொப்பியையும் இரண்டு பேனையையும் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை என்னவென்று சொல்வது! கொக்குவிலில் நின்றது, கோண்டாவிலில் நின்றது. மருதனார்மடம் சந்தியில் ஒரு மனிசி நாலு மூட்டை மரக்கறியை ஒவ்வொன்றாக ஏற்றி முடியும்வரை நின்றது. எனக்கு வந்த ஆத்திரத்தில் இறங்கி நானே தள்ளியிருப்பேன். நினைவிருந்த பெயர்களைக் கொப்பியில் எழுதிப் பார்த்தேன். ஆறோ ஏழோ வந்தன. எது எந்தக் குழி என்று ஒன்றும் வரவில்லை. தட்டும்போது விரல்தான் கேட்டது, மனம் கேட்கவில்லை. நான் வார்ட்டுக்குள் நுழைந்தபோது ஐந்து இருபது.

அம்மான் கட்டிலில் நிமிர்ந்து இருந்தார். என்னையும் கொப்பியையும் கண்டதும் முகம் மலர்ந்தது.

"என்ன பிள்ளை, ஞாயிற்றுக்கிழமையும் கொப்பியோடை?"

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். நாளைக்குக் குரல் போகப்போகிற மனிதருக்கு இதை எப்படிச் சொல்வது? வாய் வேறொன்றைச் சொன்னது.

"சும்மா, ஒருக்காச் சரி பாப்பம் எண்டு வந்தனான், அம்மான். முதலிலையிருந்து சொல்லுங்கோ."

அவருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "உதுக்குத்தான் உன்னட்டைச் சொன்னனான். வேறை ஆக்கள் எண்டால் எழுதிப்போட்டு விட்டிடுவினம்." தலையணையைச் சரிசெய்து சாய்ந்துகொண்டார். "முதலாம் வரிசை, முதல் குழி, எமிலியானுப்பிள்ளை. அவனுக்குப் பெட்டி செய்யப் பலகை இல்லை. அவன்ரை வள்ளத்தின்ரை பலகையைத்தான் கழட்டினனாங்கள். மனிசி மாட்டன் எண்டு அழுதவள்..."

புதன்கிழமையும் இதே கதையைக் கேட்டேன், அப்போது கண் கலங்கியது. இப்போது என் கண் சுவர் மணிக்கூட்டில். சரிபார்க்க வந்தவள் எப்படி அவசரப்படுத்துவது? ஐந்து நாற்பதுக்கு நாங்கள் ஐந்தாவது குழியில் நின்றோம். அம்மான் ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுக் கையை வீசினார்.

"மிச்சம் ஏன்? நீ பிழைவிட மாட்டாய். உன்ரை கையிலை எனக்கு நம்பிக்கை. போய் பஸ்ஸைப் பிடி, இருட்டப்போகுது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அம்மான், எல்லாம் போட்டுது."

"என்ன போட்டுது?"

"நீங்கள் சொன்ன பேர். நாப்பத்தொண்டும். றெஜியின்ரை லப்டொப்புக்குள்ளை ஒண்டு பூந்து அழிச்சுப்போட்டுது. மற்ற இடத்திலை வைச்சதையும் நானே அதுக்குக் குடுத்திட்டன். பிழை என்ரைதான், அம்மான்."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தார். கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். இருபது நிமிடம் கதை சொன்ன மனிதர், அந்த இருபது நிமிடம் எங்கே போனது என்று விளங்கிக்கொள்வதைப் பார்ப்பதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

"வந்த உடனை சொல்லியிருக்கலாம், பிள்ளை," என்றார். பிறகு, "எழுது."

இப்போது கதை இல்லை. பெயர் மட்டும். "ஆறு, சவரிமுத்தன்ரை திரேசம்மா. ஏழு, அவளின்ரை கைக்குழந்தை, பேர் வைக்கேல்லை, அப்பிடியே எழுது. ரெண்டாம் வரிசை. நீக்கிலாப்பிள்ளை. வஸ்தியாம்பிள்ளை. கிறிஸ்தோத்தி." குரல் உமி தேய்க்கிற மாதிரிக் கரகரத்தது. நான் காதை அவர் வாயருகே வைத்துக்கொண்டு எழுதினேன். மூன்றாம் வரிசையில் இருமல் பிடித்தது, துணியில் சிவப்புப் பட்டது. நான் பேனையை நிற்பாட்டினேன். அவர் என் மணிக்கட்டில் தட்டி, எழுது என்று காட்டினார்.

ஆறு மணிக்கு மணி அடித்தது. மற்றக் கட்டில்காரரின் ஆட்கள் எழும்பிப் போனார்கள். வார்ட்டுத் தாதி ஆரணி மிஸி வந்து நின்றாள். சின்னப் பெண்தான், ஆனால் குரல் உறுதி.

"அக்கா, நாளைக்கு இவருக்கு ஒப்பரேசன். இவ்வளவு கதைக்கக் கூடாது."

"மிஸி, பத்து நிமிசம். செத்தவையின்ரை பேர்."

அவள் கொப்பியைப் பார்த்தாள். என்னத்தை நினைத்தாளோ, அடுத்த கட்டிலுக்குப் போய் வெப்பமானியை வைத்துக்கொண்டு நின்றாள். நாலாம் வரிசை முடிந்தது. ஐந்தாம் வரிசையில் ஐந்து பெயர். ஆறாவது பெயருக்கு வாயைத் திறந்தவரை இருமல் மடக்கிப் பிடித்தது. இந்த முறை அது நிற்கவில்லை. மிஸி ஓடிவந்து என்னை விலக்கினாள். அவளுடைய தோளுக்கு மேலால் அம்மான் கையைக் காட்டினார், விடிய வா என்று.

விடிய ஆறு மணிக்கே போனேன், றெஜி மோட்டார் சைக்கிளில் கொண்டுபோனான். கட்டில் வெறுமையாக இருந்தது. அன்றைய முதல் ஆளாக அவரை ஒப்பரேசனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

முப்பத்து மூன்று பெயர் கொப்பியில் இருந்தது. எட்டு இல்லை. அந்த எட்டுக்காக நான் பேசாத ஆள் இல்லை. கனடாவுக்கு எடுத்தேன், நோர்வேக்கு எடுத்தேன், குருநகரில் இருக்கும் செபஸ்தியம்மாவைத் தேடிப் போனேன். ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள், ஒருவரும் குழியைச் சொல்லவில்லை. கடைசியில் என்னிடம் பதினொரு பெயர் சேர்ந்தது, எட்டுக் குழிக்கு. றெஜி இப்போது லப்டொப்பில் கள்ளக் கொப்பியை எடுத்துவிட்டு, காசு கொடுத்து வாங்கியதைப் போட்டுவிட்டான். புதன்கிழமைகளில் நான் கேட்காமலே, "அக்கா, அப்டேற் போட்டிட்டன்" என்கிறான். ஓம் என்கிறேன்.

நவம்பர் இரண்டாம் திகதி மாலை சேமக்காலை முழுக்க மெழுகுதிரி. கடல்பக்க மூலையில் முப்பத்து மூன்று சீமெந்துச் சிலுவைகள் பெயரோடு நின்றன, எட்டு வெறுமையாக நின்றன. ஆஸ்பத்திரியால் வந்து ஐந்து நாள்தான், கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு அம்மான் வந்தார். என் கையில் இருந்த கொப்பியை வாங்கினார். வாசிக்கத் தெரியாது, ஆனால் எண்ணத் தெரியும். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக எண்ணினார். முப்பத்து மூன்றில் விரல் நின்றது. என்னைப் பார்த்தார்.

நான் முதலாவது வெறும் சிலுவையடியில் நின்று, சேர்த்த பதினொரு பெயரையும் ஒவ்வொன்றாக வாசித்தேன். "மனுவேற்பிள்ளையோ, அம்மான்? லூர்தம்மாவோ?" இல்லை என்று தலையாட்டினார். பதினொன்றுக்கும் இல்லை. அடுத்த சிலுவைக்குப் போய் அதே பதினொன்றையும் வாசித்தேன். ஒன்றுக்குத் தலையசைத்தார். எழுதினேன். அடுத்ததில் ஒன்று. மிச்ச ஐந்திலும் ஒன்றும் பொருந்தவில்லை.

பிறகு அவர் கொப்பியை என் கையில் தந்துவிட்டு, தானாகவே முதலாவது வெறும் சிலுவையடிக்குப் போனார். என்னைக் கிட்ட வரச்சொல்லிக் கையைக் காட்டினார். எழுது என்று மணிக்கட்டில் தட்டினார். வாயைத் திறந்து, ஆஸ்பத்திரியில் சொன்ன அதே அவசரத்தோடு, பெயரைச் சொன்னார்.

கழுத்துத் துணிக்குள்ளால் காற்றுத்தான் வந்தது. நான் பேனையைப் பிடித்துக்கொண்டு அவருடைய உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் இன்னொருமுறை சொன்னார்.